பாட்டும் பெயரும்

பாட்டைப் பதிந்து வைத்தல் இந்நாளில் எளிய செயலாயிற்று. பதிந்த பாட்டை வேண்டியபோது கண்டெடுத்தலே அரிதாய் நின்றுவிட்டது. கைபேசியின் ஒரு பொத்தானை அழுத்தத் தெரிந்தார் எவரும் இன்று ஒலிப்பதிவாளரே. ஆயின், அவ்வாறு பதிந்த ஒலி எப்பெயரோடு எந்தக் கோப்புறையிற் சென்று தங்கிற்று என்று பதினைந்து நாள் கழித்து வினவினால், விடை கூறவல்லார் மிகச் சிலர். இம்மலரின் தமிழ்ப் பகுதியைத் திறப்பவர்கள் சங்கச் செய்யுளின் நயத்தையோ, புலவர் ஒருவரின் வரலாற்றையோ எதிர்நோக்குவது இயல்பு. கணிப்பொறியிற் கிடக்கும் பாட்டுக் கோப்புகளுக்குப் பெயரிடுவதைப் பற்றி யாம் எழுதப் புகுந்தமை கண்டு அவர்கள் முறுவலிக்கவுங் கூடும். முறுவலிக்க, எமக்கு அதனால் வருத்தமில்லை. சென்ற கோடை விடுமுறை முழுதும் எமக்கு இவ்வொரு வேலையிலேயே கழிந்தது. அதில் யாம் கண்டவை நம் பழைய மாணவர் பலருக்கு நேரே உரியவை. சங்கப் புலவர்களும் இடையில் வருவார்கள்.

செய்தி இது. 2009-ஆம் ஆண்டு தொடங்கி 2019-ஆம் ஆண்டு வரை, நம் தமிழ்த்துறை மாணவர்கள் கோடை விடுமுறைதோறும் அண்மையிலுள்ள சிற்றூர்களுக்குச் சென்றனர். தாலாட்டும் நடவுப்பாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பாடவல்ல மூதாட்டியரைக் கண்டு, அவர்கள் பாடக் கேட்டுப் பதிந்து வந்தனர். கைக்கு அடங்கிய பதிவுக் கருவி ஒன்று. சில ஆண்டுகளில் மடிக்கணினியும் அதனோடு இணைத்த மைக்கும். ஊரினின்று மீண்டபின், பதிந்தவற்றைத் துறையின் கணிப்பொறியில் இட்டு, 'ஆடாசிட்டி' என்னும் ஒலிப்பதிவு மென்பொருளில் திறந்து, காற்றிரைச்சலைக் குறைத்து, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட பேச்சை வெட்டிச் செப்பஞ்செய்வர். பாடிய மூதாட்டியருள் மிகப் பலர் இன்று இல்லை. அவர்தம் பாட்டுகளுள்ளும் சில, அவ்வூர்களிலேயே பாடுவாரின்றி ஒழிந்தன. ஆகலின், அக்கணிப்பொறியும் அதனோடு கிடந்த இரண்டு கையடக்க வட்டுகளும் நூல்நிலையத்தின் அரிய ஏடுகளுக்கு எவ்வாற்றானும் தாழ்ந்தனவல்ல.

ஏடுகளுக்கு உறையுண்டு, எண்ணுண்டு, பட்டியலுண்டு. இவற்றுக்கோ? யாம் திறந்தபோது முதற்கண் எதிர்ப்பட்டவை 'புதிய கோப்புறை', 'புதிய கோப்புறை (2)', 'புதிய கோப்புறை (3)' என்பன. அவற்றினுள்ளே 'பாட்டு', 'பாட்டு நல்லது', 'கடைசி', 'கடைசி சரியானது', 'கடைசிக்குப் பிறகு' என்றிவ்வாறு. ஒன்றன் பெயர் 'ஐயா கேட்டது'. அப்பத்தாண்டுகளில் துறையில் ஐயாக்கள் அறுவர் இருந்தோம்; எவர் கேட்டது என்பது கோப்புக்கே வெளிச்சம். 'ஆராரோ' என்னும் பெயரில் மட்டும் 31 கோப்புகள் இருந்தன. தாலாட்டெல்லாம் அச்சொல்லிற்றானே தொடங்கும்? முதற்சொல்லைப் பெயராக வைப்பது நூல்களுக்கு நல்ல முறையே. எல்லாப் பாட்டும் ஒரே சொல்லில் தொடங்கும் இடத்தில் அம்முறை என்ன செய்யும்!

இப்பெயர்களை இட்ட மாணவர்கள் சோம்பரும் அல்லர், அறிவிலிகளும் அல்லர். ஊரிலிருந்து மீண்ட அன்று மாலையில் அவர்களுக்கு எல்லாம் நினைவிலிருந்தது. எந்தத் திண்ணை, எந்த ஆச்சி, எந்தப் பாட்டு நன்றாக அமைந்தது என்பதெல்லாம் கண்முன் நின்றன. அந்நிலையில் 'பாட்டு நல்லது' என்பது முழுப்பொருள் தரும் பெயர். இடர் யாதெனின், கோப்புக்குப் பெயர் வேண்டுவது அறிந்தவனுக்கன்று, அறியாதவனுக்கு. பெயரிடுபவனோ எப்போதும் அறிந்தவனாகவே இருக்கிறான்.

யாம் இவ்வேலையைக் கையிலெடுத்தமைக்குக் காரணம் முதலாண்டு மாணவி ஒருத்தி. சென்ற ஆண்டு ஒருநாள் துறைக்கு வந்து, தன் பாட்டியார் பாடிய பாட்டு இங்கே இருக்கிறதாமே, கேட்கலாமா என்று வினவினாள். பாட்டியார் 2016-இல் இறந்துபோனார். அவருடைய நிழற்படம் ஒன்று வாக்காளர் அட்டையில் உள்ளது. குரல் எங்கும் இல்லை. கல்லூரிப் பிள்ளைகள் வந்து பாட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அவள் தாய் சொல்லியிருக்கிறார். எந்த ஆண்டு என்று கேட்டோம். வயல் காய்ந்து நடவே நடவாத கோடை என்று தாய் சொன்னதாகச் சொன்னாள். பாட்டியாரின் பெயரும் ஊரும் சொன்னாள். அப்பெயரை நானூற்றுக்கு மேற்பட்ட கோப்புகளில் யாம் தேடினோம்; ஒன்றிலும் இல்லை. மறுவாரம் வா என்று அனுப்பினோம். மறுவாரமும் அவ்வாறே சொல்ல நேர்ந்தது.

இனி, அம்மென்பொருள் பாட்டை எவ்வாறு வைத்துக் காக்கிறது என்பதைச் சிறிது விளக்கல் வேண்டும். விளக்காவிடின் பின்வருவது விளங்காது. ஆடாசிட்டி, ஒரு பல்கலைக்கழகத்திற் பிறந்த பிள்ளை. அமெரிக்க நாட்டின் கார்னிகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனி, ரோஜர் டானன்பர்க் என்னும் இருவர் 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அதனைத் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். விலையின்றிக் கிடைப்பதாதலின் நம்போன்ற கல்லூரிகளுக்கு அது பெருந்துணை. நம் மாணவர் கையாண்ட பழைய பதிப்புகளில், ஒரு பதிவைச் சேமித்தால் இரண்டு பொருள்கள் தோன்றும். ஒன்று 'ஏ.யு.பி.' என்று முடியும் சிறு கோப்பு; மற்றொன்று அதே பெயரோடு 'டேட்டா' என்னும் ஈறு சேர்ந்த கோப்புறை. பாட்டின் பெயரால் வழங்குவது முன்னதே. பாட்டு இருப்பதோ பின்னதில். திருமண வீட்டுச் சமையற்காரர் எழுதித் தரும் சாமான் பட்டியலை நினைத்துக்கொள்க. பட்டியலில் அரிசி என்னும் சொல் உண்டு, அரிசி இல்லை. எந்தத் துண்டுக்குப்பின் எந்தத் துண்டு, எங்கே வெட்டு, எங்கே ஒலியைக் கூட்டுக என்னும் குறிப்புகளே அச்சிறு கோப்பிலுள்ளவை.

கோப்புறையிலோ ஒலி ஏறத்தாழ ஆறாறு நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டுக் கிடக்கும். நாற்பது நிமிடப் பதிவொன்று நானூற்றுக்கு மேற்பட்ட துண்டுகளாகிவிடும். துண்டு ஒவ்வொன்றுக்கும் கணிப்பொறியே பெயரிடுகிறது. ஓர் ஆங்கில எழுத்தும் அதன்பின் எண்ணும் எழுத்தும் விரவிய வரிசையும். மனிதர் கண்ணுக்கு அது குப்பையென்றே தோன்றும். பட்டியல் தன் கோப்புறையை அடையாளங் காண்பது பெயர் ஒன்றாலேதான். ஆகவே அக்கோப்புறையின் பெயரை மட்டும் மென்பொருளுக்குத் தெரியாமல் வெளியே மாற்றினால், பட்டியல் தன் பானைகளைக் காணாது திகைக்கும். இவ்வளவேயாயின் அஞ்சவேண்டுவதில்லை, பழைய பெயரை மீட்டும் இட்டால் பாட்டு மீண்டுவிடும். பட்டியற் கோப்பு வெறும் எழுத்தாலாயது. அதனைத் திறந்து பார்த்தால் எந்தப் பெயருடைய கோப்புறையைத் தேடுகிறது என்பது எழுதியே இருக்கும். அவ்வாறு பெயர் பிரிந்த பதினொரு பதிவுகளை எம் மாணவர் இருவர் இரண்டு பிற்பகல்களில் சேர்த்து வைத்தனர்.

சேர்க்க இயலாதனவும் உள. ஓராண்டில் கணிப்பொறி நிறைந்துவிட்டது. குறுந்தட்டின் தரத்தில் இரண்டு வழிகளிற் பதியும் ஒலி, நிமிடத்துக்குப் பத்து மெகாபைட்டுக்கு மேல் இடங்கொள்ளும், நிறைந்ததில் வியப்பில்லை. அப்போது பொறுப்பிலிருந்த மாணவர் ஒருவர், புதிய பதிவுகளுக்கு இடஞ்செய்ய எண்ணி, பெயர் நன்றாயிருந்த கோப்புகளை வைத்துக்கொண்டு, பெயர் குப்பையாயிருந்தவற்றை அகற்றினார். அவரை யாம் குறைகூறோம். வீட்டைத் துப்புரவு செய்பவர் எவரும் அதனையே செய்திருப்பர். ஆனால் அவர் வைத்துக்கொண்டவை பட்டியல்கள், அகற்றியவை அரிசி.

அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல எமக்கு மனம் இல்லை. அக்கருவூலம் முழுவதிலும் மிகச் செவ்விய பெயர் அதற்கே அமைந்திருந்தது. நாளும், ஊரும், ஒப்பாரி என்னும் வகையும், பாடியவர் பெயரும், அவர் அகவையும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. எவரோ ஒரு மாணவர் மற்றவரைப்போலன்றி, பின்வருவாரை எண்ணிப் பெயரிட்டிருக்கிறார். திறந்தோம். ஒலித்துண்டுகள் காணப்படவில்லை என்று மென்பொருள் அறிவித்து, காணாத இடங்களை மௌனமாகக் கொள்ளலாமா என்று வினவிற்று. ஆம் என்றோம். 38 நிமிட நீளத்துக்கு ஒரே நேர்கோடு திரையில் நீண்டது. அக்கோட்டின் கீழே அம்மாணவர் இடையிடையே எழுதிவைத்த குறிப்புச் சீட்டுகள் மட்டும் தத்தம் இடத்தில் நின்றன. அவை பட்டியலிற் சேர்ந்தவையாதலின் அழியவில்லை. நான்காம் நிமிடத்தில் 'பேரன் அழுகிறான், வெட்டுக'. பதினோராம் நிமிடத்தில் 'இரண்டாம் பாட்டு'. பத்தொன்பதில் 'இருமல்'. இருபத்தாறில் 'இங்கே பாட்டை நிறுத்தி அழுகிறார், வெட்டவேண்டா'. யாம் அக்கோட்டை முதலிலிருந்து கடைவரை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எம்மோடிருந்த மாணவர் எவரும் எழுந்து போகவில்லை.

பெயருண்டு, பாட்டில்லை என்பது இஃது. எஞ்சிய பெருங்கூட்டமோ பாட்டுண்டு, பெயரில்லை என்னும் வகையது. இங்கேதான் சங்கத்தார் எமக்கு வழிகாட்டினர்.

எட்டுத்தொகையைத் தொகுத்த சான்றோர் கையிலும் இவ்வாறு பெயரிழந்த பாட்டுகள் வந்து சேர்ந்தன. இயற்றியவர் இன்னாரென்று அறியக்கூடாத இடங்களுட் சிலவற்றில் அவர்கள் பாட்டினுள்ளேயே பெயரைத் தேடினர். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டின் ஆசிரியர் செம்புலப்பெயனீரார். 41-ஆம் பாட்டின் ஆசிரியர் அணிலாடு முன்றிலார். 131-ஆம் பாட்டுக்கு ஓரேருழவனார். நற்றிணையின் 284-ஆம் பாட்டுக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார். இவையெல்லாம் பெற்றோர் இட்ட பெயர்களா? பாட்டிலுள்ள அருஞ்சொற்றொடரை எடுத்து ஆசிரியருக்கு அணிந்த பெயர்கள். அவர்தம் தேர்ச்சியை நோக்குக. முதற்சொல்லை அவர்கள் எடுக்கவில்லை. எல்லாப் பாட்டுக்கும் பொதுவான சொல்லையும் எடுக்கவில்லை. வேறெந்தப் பாட்டிலும் காணாத ஒன்றை, ஒருமுறை கேட்டார்க்கு மறவாத ஒன்றை எடுத்தனர். கல்லூரி வகுப்பில் இப்பெயர்களைப் பலமுறை நடத்தியிருக்கிறோம். அவை ஒரு பட்டியலாளரின் கைவேலை என்பது இவ்வேலையில் இறங்கிய பின்னரே எமக்குத் துலங்கியது.

ஆகவே 31 'ஆராரோ'வையும் அம்முறையிலேயே பிரித்தோம். ஒவ்வொன்றையும் முழுதும் கேட்டு, அதற்கே உரிய ஒன்றைப் பெயராக்கினோம். 'மாமன் கொலுசு', 'ஓட்டைத் தொட்டில்', 'ரயிலேறிய அப்பன்', 'கருப்பட்டிக் கடன்' என்றிவ்வாறு. கேட்டவர்கள் இப்போது பெயரைச் சொல்லியே எடுக்கிறார்கள். ஆயினும் இது கடைப்பட்ட வழியே. பாட்டுக்குப் பெயர் கிடைத்தது, பாடினவளுக்குக் கிடைக்கவில்லை. செம்புலப்பெயனீராரின் இயற்பெயர் இன்றளவும் கிடைக்கவில்லையன்றோ?

இதற்கு மருந்து ஒலிப்பதிவின் தொடக்க நாளிலேயே கண்டறியப்பட்டது. கிராமபோன் கம்பெனியின் பதிவாளராகிய பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் 1902-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் அம்மையாரின் பாட்டுகளைப் பதிந்தார். பதிந்த மெழுகு, ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரிலிருந்த ஆலைக்குக் கப்பலேறிப் போகவேண்டும். அங்குள்ள தொழிலாளிக்கு இந்நாட்டுப் பாடகியின் குரலை அடையாளம் காண வழியில்லை. ஆகலின் பாட்டு முடியும்போது அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடிப்பார். பழந்தட்டுகளைக் கேட்டவர்கள் அதனை ஒரு நாகரிகப் பகட்டு என்று எண்ணுவதுண்டு. பகட்டன்று, பொருட்பெயர்ச் சீட்டு. உறையில் எழுதிய பெயர் கிழியும்; தட்டின் நடுவே ஒட்டிய பெயர் உரியும்; குரலோடு பதிந்த பெயர் குரல் உள்ளவரை உடனிருக்கும்.

மாணவியின் பாட்டியாரை யாம் கண்டெடுத்ததும் இவ்வழியாலேதான். நடவு நடவாத கோடை 2013-ஆம் ஆண்டினதாகலாம் என்று கணித்தோம். கோப்புகளைப் படியெடுக்கும்போது விண்டோஸ் கணிப்பொறியில் 'உருவாக்கிய நாள்' புதிதாக மாறிவிடும். 'இறுதியாகத் திருத்திய நாள்' மாறாது நிற்கும். அந்நாளைக்கொண்டு வரிசைப்படுத்தியபோது, அக்கோடைக்குரியவை 'புதிய கோப்புறை (3)' என்பதனுள் 27 கோப்புகளாகக் கிடந்தன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதன்றி வேறு வழியில்லை. பத்தொன்பதாவது கோப்பு நாற்பது நிமிடம். பாட்டு முப்பத்தாறாம் நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. பதிவை நிறுத்த மாணவர் மறந்திருக்கிறார். ஆட்டின் குரலும், செம்பு வைக்கும் ஓசையும், எங்கோ ஒரு மோட்டாரின் இரைச்சலும். பிறகு ஓர் இளைஞரின் குரல்: "ஆச்சி, ஒங்க பேரு என்னன்னு ஒருக்காச் சொல்லிருங்க." அதற்கு மறுமொழி: "பேரா? பாட்டு வேணும்னிய, பாடிட்டேன். பேரு எதுக்குய்யா?" சிறிது நேரம் சென்றபின் பெயரைச் சொன்னார். மாணவி எம்மிடம் சொன்ன பெயரே. அதனோடும் நிற்கவில்லை. "இது எங்கம்மை பாட்டு. அவ பேரையும் சேத்து எழுதிக்கிடு" என்று தம் அன்னையின் பெயரையும் சொன்னார்.

மாணவியை அழைத்துக் கேட்கச் செய்தோம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து யாம் அறையைவிட்டு வெளியே வந்து நின்றோம். அவள் அழவில்லை. மும்முறை கேட்டுவிட்டு வந்து, ஊர்ப்பெயரை யாம் பதிவேட்டில் தவறாக எழுதியிருப்பதாகவும், அது பெரிய ஊரன்று, அதன் மேற்கேயுள்ள குடியிருப்பு என்றும் திருத்தினாள். பிறகு, பாட்டியின் தாய் பெயர் தன் வீட்டில் எவருக்கும் தெரியாதென்று சொன்னாள்.

யாம் வகுத்துக்கொண்ட முறையையும் சுருங்கக் கூறுவோம். இசைக்கழகத்தாரும் நாடகக் குழுவினரும் இதனைக் கேட்டிருக்கின்றனர். பதிவு தொடங்குமுன்பே பெயரிடுக. புரோ டூல்ஸ் முதலிய மென்பொருள்களில் ஒலித்தடத்துக்கு என்ன பெயர் உள்ளதோ அதுவே பதியப்படும் கோப்புக்கும் பெயராய்விடும். தடத்தைப் பெயரிடாது விட்டுப் பதிந்தால் 'ஆடியோ 1' என்னும் பெயருள்ள கோப்புகள் உலகெங்கும் பெருகுவது அதனாலேதான். பின்னர் மாற்றவேண்டின், மென்பொருளின் உள்ளிருந்தே மாற்றுக. அன்றேல் வேறு பெயரிற் சேமிக்க. பதிவின் ஒலியெல்லாம் உடன் வந்ததா என்று பார்த்த பின்னரே பழையதைத் தொடுக. 2021-ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ஆடாசிட்டியின் மூன்றாம் பதிப்பு முதலாகப் பட்டியலும் ஒலியும் ஒரே கோப்பினுள் அடங்கிவிட்டன; எம் மாணவர் பட்ட இடர் அதிற் பெரும்பாலும் இல்லை. ஆயினும் பட்டியலை வேறாகவும் ஒலியை வேறாகவும் வைக்கும் மென்பொருள்கள் இன்றும் பல. நீண்ட பதிவொன்றில் பத்துப் பாட்டுகள் இருப்பின், ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பெயரெழுதிய சீட்டை வைத்துவிட்டால், அச்சீட்டுகளின் பெயராலேயே பத்துக் கோப்புகளாக ஆடாசிட்டி பிரித்துத் தரும். வெட்டிச் செப்பஞ்செய்தது எதுவாயினும், முதற்பதிவை அழித்தலாகாது. பாட்டுக்குமுன் நாள், ஊர், பாடுவார் பெயர் ஆகியவற்றை வாயாற் சொல்லிப் பதிக. 'கடைசி' என்னும் சொல்லை எம் துறையில் விலக்கிவிட்டோம்.

நாள் எழுதும் முறையைப் பற்றி ஒரு சொல். கோப்பின் பெயரில் சாய்கோடு இடுதலை விண்டோஸ் ஏற்காது. ஆகவே மாணவர்கள் நாளையும் மாதத்தையும் ஆண்டையும் சேர்த்தெழுதிவிட்டனர். '11112' என்று ஒரு கோப்பு. இது 2012 நவம்பர் முதல் நாளா, அவ்வாண்டுச் சனவரி பதினொன்றா? விடுமுறைக்கணக்கும் மழைக்கணக்கும் பார்த்தும் துணிய இயலவில்லை. ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில், ஒற்றை இலக்கத்தின்முன் சுழியம் இட்டு எழுதுவதே 1988-இல் வெளிவந்த பன்னாட்டு நெறி. 2013-05-09 என்றெழுதினால் ஐயமும் இல்லை; எழுத்து வரிசையே கால வரிசையும் ஆகிவிடும். சுழியம் இடாவிடின் பழைய முறையில் வரிசைப்படுத்தும் பொறிகளில் 10-ஆம் பாட்டு 2-ஆம் பாட்டுக்கு முன்னே வந்து நிற்கும்.

தமிழெழுத்தால் பெயரிடலாமா என்பது பலர் கேட்ட கேள்வி. இடலாம், இடவும் வேண்டும். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னைய பழக்கத்தில் பழைய எழுத்துருக்களைக் கொண்டு தட்டச்சிட்ட பெயர்கள்தாம் இன்று பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாய்த் தோன்றி எம்மை வருத்தின. கோப்பின் பெயர் தன்னோடு எழுத்துருவைச் சுமந்து வருவதில்லை. ஒருங்குறியிலும் சில நுட்பங்கள் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சில கணிப்பொறிகளுக்கு வேறு வேறு. 'கொலுசு' என்னும் பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே உறையில் அருகருகே இருக்கக் கண்டு எம் மாணவர் பேய்வேலை என்றனர், பேயன்று, இதுவே. மேலும், குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் பொறியில் நகரத்தின் பின்னே னகரமும், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரமும் வந்து நிற்கும். தொல்காப்பியர் வைத்த நெடுங்கணக்கு அதற்குத் தெரியாது. அகராதி வரிசையை எதிர்பார்த்துத் தேடுவார் இதனை நினைவிற்கொள்க.

இவ்வளவு வருத்தம் எதற்கு, இனிக் கணிப்பொறியே பாட்டைக் கேட்டுச் சொற்களை எழுதித் தந்துவிடுமே என்று அறிவியல் துறை நண்பர் ஒருவர் சொன்னார். பேச்சைக் கேட்டு எழுதும் பொறிகள் வந்திருப்பது மெய். யாமும் இரண்டு தாலாட்டுகளை இட்டுப் பார்த்தோம். சொற்களில் ஒரு பாதியைச் சரியாகவே எழுதிற்று. பாடுவது யார் என்று கேட்டபோது மட்டும் அதனிடம் விடையில்லை. இருக்கவும் இயலாது, ஒருவரும் சொல்லாததை அது எங்ஙனம் அறியும்?

இன்று நிலை இது. பெரும்பாலான பாட்டுகள் ஆண்டு, ஊர், வகை, பாடியவர் என்னும் முறையில் ஒழுங்குபட்டு, மூன்று இடங்களில் மூன்று படிகளாக வைக்கப்பட்டுள்ளன. பழைய பெயர்களையும் பதிவேட்டில் எதிரெதிரே எழுதிவைத்திருக்கிறோம். 'ஐயா கேட்டது' உட்பட. இன்னும் 23 பாட்டுகளுக்குப் பாடியவர் பெயர் தெரியவில்லை. அவ்வாண்டுகளில் ஊர்களுக்குச் சென்றுவந்த பழைய மாணவர்கள் எவரேனும் இதனைப் படிப்பின், வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணிக்குமேல் துறையறைக்கு வருக. வர இயலாதார் எழுதினால் ஒலிக்கோப்பை அனுப்புவோம். அடையாளங்களுட் சிலவற்றை இங்கேயே குறித்துவிடுகிறோம். ஒன்றில், கும்மியின் நடுவே பேருந்தின் காற்றொலிப்பான் மும்முறை கேட்கிறது. ஒன்றில், பாடுபவர் பல்லில்லாதவர். இடையில் வெற்றிலை இடிக்கும் ஓசை. மற்றொன்றில், நடவுப்பாட்டின் நான்காம் அடியில் மூதாட்டியார் மாணவர் ஒருவரைக் கேலிசெய்து சொற்களை மாற்றிப் பாடுகிறார். சுற்றியிருந்தவர் எல்லாரும் நகைக்கின்றனர்; அவர்களுள் ஒரு மாணவி நகையை அடக்கமாட்டாமல் மைக்கைக் கீழே போட்டுவிடுகிறாள். அம்மாணவி இன்று எங்கிருந்தாலும், அத்திண்ணை எவ்வூரது, அந்த ஆச்சி யார் என்பதை அருள்கூர்ந்து எமக்கு எழுதுக.